நவம்பரில் சொல்லாமல் ஏப்ரலில் சொல்லி என்ன பயன்?

டிஸ்கி: இதை எழுதுபவன் பி.காம். மாணவன். லேபுக்குள் கடைசியாக நுழைந்தது பத்தாம் வகுப்பில். "உனக்கு எதுக்குடா சயின்ஸ்காரன் வம்பு?" என்று கேட்க வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வந்து கேட்கவும். பதில் நடுவில் எங்கேயோ இருக்கிறது :-)

ஏப்ரல் கடைசியில் நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் போகும் பஸ்ஸில் காலேஜ் பசங்களிடம் "லீவுக்கு என்னடா பண்ணப் போற?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் நான்கைந்துதான். "திருப்பூர்ல மாமா பனியன் கம்பெனில இருக்காரு, வரச் சொல்லிட்டாரு." "மெட்ராஸ்ல கேட்டரிங்." "சேகோ மில்லுல மூட்டை தூக்குற வேலை இருக்கு." பெண் பிள்ளைகள் என்றால் "வீட்லதான்". இதில் பாதிப் பேர் இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள். "ரெண்டு மாசம் ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்க்கப் போறேன்" என்று சொன்ன ஒருவனைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

வேலைக்குப் போவதைக் கேவலமாகச் சொல்லவில்லை. வீட்டில் காசு வேண்டும், போகிறார்கள். என் கேள்வி வேறு. அந்த இரண்டு மாதத்தில் படிப்பு சம்பந்தமான வேறு ஒரு வழியும் இருக்கிறது, அதற்குக் காசும் தருகிறார்கள் என்பது இவர்களுக்கு ஏன் தெரியவே இல்லை?

நம் பக்கத்து பி.எஸ்சி மாணவனுக்கு கோடைகால ஆராய்ச்சி வாய்ப்பு கிடைக்காமல் போவதற்கு அவன் மூளை காரணமில்லை. நேரத்துக்குச் சொல்ல ஆள் இல்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லை. முன்பணம் கொடுக்க ஆள் இல்லை. இந்த மூன்றையும் சரிசெய்ய அரசாணையும் வேண்டாம், கோடிக்கணக்கில் நிதியும் வேண்டாம். ஒரு கல்லூரி நினைத்தால் இந்த வருடமே முடியும். அதனால்தான் எரிச்சல் வருகிறது.

அப்படி என்னதான் இருக்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

நாட்டில் மூன்று பெரிய அறிவியல் அகாடமிகள் இருக்கின்றன. ஒன்று பெங்களூரிலும் ஒன்று டெல்லியிலும் ஒன்று அலகாபாத்திலும் (இப்போது பிரயாக்ராஜ்). மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப் கொடுக்கின்றன. தேர்வானால் ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி., தேசிய ஆய்வகங்கள் மாதிரி இடங்களில் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம். மாத உதவித்தொகை உண்டு. பெங்களூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் தனியாக ஒன்று நடத்துகிறது. கணிதம் படிப்பவர்களுக்கு 1993ல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய கோடைப் பயிற்சி முகாம் இருக்கிறது, எம்.டி.டி.எஸ். என்று பெயர். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை மாணவர்களுக்கென்றே 2004ல் 'நியஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அவ்வளவு தூரம் எதற்கு, சென்னை தரமணியில் 1962ல் ஆரம்பித்த கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. இரண்டுமே கோடையில் வெளி மாணவர்களை எடுத்திருக்கின்றன.

போய் என்ன செய்வார்கள்? நோபல் பரிசு வாங்கும் வேலை எதுவும் கிடையாது. ஒரு சின்னக் கேள்வியைக் கொடுப்பார்கள். நம் காலேஜ் லேபில் விடை முன்கூட்டியே தெரியும், ரீடிங் வராவிட்டால் பக்கத்து பெஞ்சு நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அங்கே பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் விடை தெரியாது. கருவியைக் கையாளுவது, பிசகினால் ஏன் பிசகியது என்று தேடுவது, கடைசியில் நாலு பக்கம் அறிக்கை எழுதுவது. இந்த வாழ்க்கை நமக்குச் சரிவருமா என்று பி.எஸ்சி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிடும். சரிவராது என்று தெரிந்தாலும் லாபம்தான்.

சரிவரும் என்றால் மேலே வழி இருக்கிறது. பி.எஸ்சி முடித்தவர்கள் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி சேர 'ஜாம்' என்ற நுழைவுத்தேர்வு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நடக்கிறது. அதே மதிப்பெண்ணை வைத்து சில இடங்களில் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பிலும் சேரலாம். எம்.எஸ்சிக்குப் பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். வீட்டு வாடகைப்படி தனி. "பி.எஸ்சி படிச்சா அடுத்து பி.எட்., அதை விட்டா என்ன இருக்கு?" என்று கேட்கும் சித்தப்பா, பெரியப்பாக்களுக்கு இந்த ஒரு எண்ணைச் சொன்னாலே பாதி வாய் அடைபடும்.

"அதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்களுக்குப்பா"

இது நம்பர் ஒன் பொய். மாணவர்களே தங்களுக்குள் சொல்லிக்கொள்வது.

அகாடமி ஃபெலோஷிப்புக்கு நாட்டில் எந்தக் கல்லூரி மாணவனும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் கேட்பது மதிப்பெண் பட்டியல், ஏன் வர விரும்புகிறாய் என்று அவன் கைப்பட ஒரு சின்னக் கட்டுரை, அவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். இவ்வளவுதான். போட்டி கடுமைதான், மறுக்கவில்லை. ஐசர் மாதிரி நிறுவனங்களில் படிப்பவனுக்கு முதல் வருடத்திலிருந்தே இதெல்லாம் சீனியர் வாயால் தெரியும். அவன் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறான். ஆனால் விண்ணப்பமே போடாதவனுக்கும் விண்ணப்பித்துக் கிடைக்காதவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. லாட்டரி வாங்காதவன் "எனக்குப் பரிசே விழல" என்று அழ முடியாது. நம் பக்கத்தில் சீட்டு விற்கும் கடையையே திறக்கவில்லை என்பதுதான் என் புகார்.

இன்னொன்று பாருங்கள். 2008ல் மத்திய அரசு 'இன்ஸ்பயர்' உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அவரவர் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவனுக்கு வருடம் 80,000 ரூபாய். அதில் 60,000 படிப்புக்கு. மீதி 20,000 எதற்குத் தெரியுமா? கோடை விடுமுறையில் ஒரு விஞ்ஞானியிடம் போய் ஆராய்ச்சி செய்வதற்கு. திட்டத்தை வகுத்தவர்களே கோடை ஆராய்ச்சியைப் படிப்பின் ஒரு பகுதியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். 'அவரவர் போர்டு' என்பதையும் கவனியுங்கள். நம் மாநில பாடத்திட்டப் பிள்ளை சி.பி.எஸ்.இ. பிள்ளையோடு போட்டி போடவேண்டியதில்லை. இதற்கும் கல்லூரி முதல்வரின் கையெழுத்து போட்ட சான்று வேண்டும். அந்தச் சான்றின் பெயரையாவது எத்தனை அலுவலகங்களில் கேள்விப்பட்டிருப்பார்கள்?

"நம்ம பசங்களுக்கு ஆர்வம் இல்ல சார்"

நம்பர் டூ பொய். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள்.

எங்கள் பக்கம் மரவள்ளி போட்ட எந்த வீட்டுப் பிள்ளையிடமும் 2020க்குப் பிறகு வந்த மாவுப்பூச்சியைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். நுனி இலை சுருண்டு கொத்துக்கொத்தாய் ஆகி, செடி குட்டையாய் நின்றுபோவதை அவன் வயலில் பார்த்திருப்பான். அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே மரவள்ளியை நம்பியிருந்த கோடிக்கணக்கானவர்களின் சாப்பாட்டில் கை வைத்தது. மருந்தடித்துக் கட்டுப்படுத்த முடியவில்லை. தென் அமெரிக்காவிலேயே அந்தப் பூச்சியின் இயற்கை எதிரியான ஒரு குட்டிக் குளவியைத் தேடிப் பிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995ல் உலக உணவுப் பரிசு வாங்கினார்.

அதே குளவியைத்தான் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் விட்டார்கள். எங்கே? எத்தாப்பூரில். சின்னசேலத்தில் சேலம் பஸ் ஏறி, ஆத்தூர் தாண்டினால் வரும் எத்தாப்பூர். அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூன்று கண்டம் சுற்றிய ஆராய்ச்சி நம் பஸ் ரூட்டில் வந்து இறங்கியிருக்கிறது. அதே ரூட்டில் தினம் காலேஜுக்குப் போகும் விலங்கியல் மாணவன் பூச்சி வகைப்பாட்டை கைடிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். அந்த நிலையத்துக்கு ஒரு நாள் அழைத்துப்போய், "குளவி விட்ட வயல், விடாத வயல் ரெண்டுலயும் போய் எண்ணிட்டு வாங்கடா" என்று நாலு பசங்களை விட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு ஆர்வம் இல்லை என்று சொல்லட்டும்.

மரவள்ளி ஒன்று மட்டுமா? சேகோ மில் கழிவுநீரின் நாற்றம் வேதியியல் கேள்வி. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கப் போகும் குடும்பத்துப் பெண் பிள்ளைக்குத் தெரிந்த செடிகளில் பாதி அவளுக்குப் பாடம் நடத்தும் தாவரவியல் ஆசிரியருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கல்வராயனுக்கு வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டினால் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் 1986ல் திறந்த 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. 1988ல் அதே காவலூரிலிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் பெயரை வைத்தார்கள். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து இயற்பியல் படிக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பையனுக்கு, தன் மக்கள் வாழும் பக்கத்து மலையில் அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

"இங்கிலீஷ் வராதே"

மூன்றாவது பொய். பாதி உண்மை கலந்தது என்பதால் ஆபத்தானது.

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எவ்வளவு? அகாடமி கேட்கும் கட்டுரை 250 சொல்லுக்குள். ஒரு பக்கம்கூட வராது. செமஸ்டருக்குச் செமஸ்டர் ஐந்து பேப்பர் ஆங்கிலத்தில் எழுதித்தானே பாஸ் பண்ணுகிறான்? முதலில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடம் பிடித்தது, எதைப் பார்த்துக் கேள்வி வந்தது, என்ன கற்றுக்கொள்ள ஆசை. ஆங்கிலத் துறையில் ஒரு சார் அல்லது மேடம் ஒரு மதியம் உட்கார்ந்தால் பத்துப் பேருடைய கட்டுரையைத் திருத்திவிடலாம். செல்போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதிகூட இன்று முதல் வரைவுக்கு உதவும். அதை அப்படியே அனுப்பாமல் இருந்தால் போதும். மொழி ஒரு மதில்தான், ஆனால் ஏறிக் குதிக்கிற உயரம்.

கடிதம் என்னும் மலை

இனிதான் முக்கியமான கட்டம். பரிந்துரைக் கடிதம்.

என் நண்பன் ஒருவன், வேதியியல். அவனே செல்போனில் தேடிப்பிடித்து, கட்டுரை எழுதி, எல்லாம் தயார் செய்துவிட்டான். கடிதத்தை ஆசிரியர்தான் ஆன்லைனில் போடவேண்டும். போய்க் கேட்டான். முதல் நாள், "அப்புறம் வா." இரண்டாம் நாள், "ஹெச்.ஓ.டி.யைக் கேளு." ஹெச்.ஓ.டி., "பிரின்சிபால் பர்மிஷன் இல்லாம எப்படிப்பா?" கடைசியில் முதல் ஆசிரியரிடமே திரும்பி வந்தபோது அவர் சொன்னது: "எனக்கு மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." அவன் மூன்றாம் ஆண்டு. அடுத்த வருஷம் எங்கே இருக்கிறது? கல்லூரி பெயர் வேண்டாம். இந்தக் கதை எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாஸ் ஆகாத பையனுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தவர். பிரச்சினை என்னவென்றால் கடிதம் கொடுப்பதை அவர் ஒரு தயவாக நினைக்கிறார். அது வேலை. பாடம் நடத்துவது, பேப்பர் திருத்துவது மாதிரி. இன்னொரு வேடிக்கை தெரியுமா? அகாடமி ஃபெலோஷிப் மாணவர்களுக்கு மட்டும் கிடையாது, ஆசிரியர்களுக்கும் உண்டு. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பித்து இரண்டு மாதம் போய் ஆராய்ச்சி செய்யலாம். ஒரே ஒரு ஆசிரியர் போய்வந்தால் போதும், அந்தத் துறை அடுத்த பத்து வருடத்துக்கு வேறு துறை ஆகிவிடும்.

இப்போது கணக்கு பேசுவோம்

காமர்ஸ்காரன் ஏன் தலையிடுகிறான் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில். மேலே சொன்ன அகாடமிகளில் பெங்களூர்க் கிளை, மன்னிக்கவும், பெங்களூர் அகாடமி, 1934ல் சி.வி. ராமன் தொடங்கியது. அந்த ராமன் 1906ல், 18 வயதில், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே 'ஃபிலாசஃபிகல் மேகசின்' என்ற லண்டன் ஆராய்ச்சி இதழில் தன் பெயரில் தனியாகக் கட்டுரை வெளியிட்டவர். மாணவர் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். அடுத்த வருடம் அவர் என்ன வேலைக்குப் போனார்? கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். பகலில் அரசாங்கக் கணக்கு, மற்ற நேரத்தில் லேப். ராமானுஜனோ சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. ஆக, கணக்கு எழுதுபவர்களுக்கு இதில் தலையிடும் உரிமை நூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது.

ராமானுஜன் கதையை எல்லோரும் மேதை கதையாகச் சொல்வார்கள். நான் சம்பளப் பட்டியலாகப் படிக்கிறேன். 1912ல் துறைமுகத்தில் அவருக்கு மாதம் 30 ரூபாய். 1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. அவருக்குப் பட்டமே கிடையாது, கல்லூரித் தேர்வில் தோற்றவர். அவருடைய கணக்குகளைப் பார்த்த கில்பர்ட் வாக்கர் என்ற வானிலைத் துறைத் தலைவர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் எழுத ஒரு ஆள், விட்டுவிட்டு வரும் சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு உதவித்தொகை. இரண்டும் சேர்ந்ததால் அவர் வேலையை விட்டுவிட்டுக் கணிதத்தில் உட்கார முடிந்தது. 30 ரூபாயை விட்டுவிட்டு 20 ரூபாய்க்கு வா என்று கூப்பிட்டிருந்தால் குடும்பம் விட்டிருக்குமா?

இப்போது நம் பையனுக்கு வருவோம். ஒரு மனக்கணக்குதான். கோடையில் நாள் கூலி 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 நாள் வேலை என்றால் 25,000. இதில்தான் அடுத்த வருட ஃபீஸ், தங்கச்சி பள்ளிச் செலவு, வீட்டுக் கடனில் ஒரு பகுதி எல்லாம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போனால் இந்த 25,000 வராது. பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று படிக்கிறோமே, அது இதுதான். எதிர்ப்பக்கம் உதவித்தொகை வரவு. ஆனால் அதிலிருந்து பெங்களூரிலோ மும்பையிலோ தங்கவும் சாப்பிடவும் போனால் கையில் நிற்பது எவ்வளவு? இன்ஸ்பயரில் கொடுத்த 20,000ஐ எடுத்துக்கொண்டாலும் கூலிக்கு 5,000 குறைகிறது, செலவு வேறு.

அதைவிடப் பெரிய சிக்கல் நடைமுறை மூலதனம். டிக்கெட், தங்குமிட முன்பணம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் முதலிலேயே போகவேண்டும். பயணக் காசு பெரும்பாலும் பிறகுதான் வரும். உதவித்தொகையும் போய் இறங்கிய அன்றைக்குக் கையில் வராது. ஆரம்பத்தில் ஒரு எட்டாயிரம், பத்தாயிரம் இல்லாதவனுக்கு எவ்வளவு பெரிய ஃபெலோஷிப் கிடைத்தாலும் அது காகிதம்தான். கடை நல்லா ஓடும், ஆனா சரக்கு எடுக்கக் காசில்லை என்று மூடிய கடைகளை நாங்கள் பாடத்திலேயே படிக்கிறோம்.

பெண்ணாக இருந்தால் இன்னும் ஒரு செலவுத் தலைப்பு சேரும்: வீட்டின் பயம். அப்பாவோ அண்ணனோ கூடப் போய் விட்டுவர வேண்டும், இடத்தைப் பார்த்தால்தான் நம்புவார்கள். இது இரண்டு பேர் டிக்கெட், இரண்டு நாள் கூலி. சீனியர் அக்கா ஒருத்தி போய்வந்திருந்தால் இந்தச் செலவு பாதியாகும். அதனால்தான் முதல் ஆளை அனுப்புவது முக்கியம்.

தேதிகளின் சதி

அகாடமி விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் முடிவில் மூடிவிடும். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில். மற்றவற்றில் பல டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். அதாவது கோடைக்கான கதவு மழைக்காலத்திலேயே மூடுகிறது. நம் கல்லூரிகளில் 'வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் கருத்தரங்கம்' எப்போது நடக்கும்? மார்ச், ஏப்ரல். சிறப்பு விருந்தினர், சால்வை, பூங்கொத்து, குரூப் போட்டோ. "வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன மாணவச் செல்வங்களே" என்று ஒருவர் பேசுவார். கொட்டிக் கிடந்ததை நவம்பரிலேயே கூட்டி அள்ளிவிட்டார்கள் ஐயா!

இதில் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. ஆராய்ச்சி நிறுவனங்களின் கோடை மே, ஜூன், ஜூலை. நம் செமஸ்டர் தேர்வு மே மாதத்துக்குள் இழுத்துக்கொண்டே போகும். திரும்ப ஜூனிலோ ஜூலையிலோ கல்லூரி திறந்துவிடும். முழுசாய் இரண்டு மாதம் கிடைப்பதே இல்லை. கிடைத்தாலும் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் என்று ஒரு கத்தி தொங்கும். ஃபெலோஷிப்பில் போகிறவனுக்கு அந்த நாட்களை ஆன் டியூட்டி என்று எழுத ஒரு வரி சுற்றறிக்கை போதாதா? விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவனுக்கு எழுதுகிறார்களே.

சர்டிஃபிகேட் கடைகள்

இந்த வெற்றிடத்தில் யார் புகுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல கல்லூரிகளில் பாடத்திட்டத்திலேயே இன்டர்ன்ஷிப் வந்துவிட்டது. நல்ல நோக்கம்தான். பையன் எங்கே போவான்? டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் ஒரு போர்டு. மூவாயிரம் கட்டினால் "15 நாள் பயிற்சி பெற்றார்" என்று கலர் சர்டிஃபிகேட். போகக்கூட வேண்டாம், வாட்ஸப்பில் பேரும் ரோல் நம்பரும் அனுப்பினால் போதும். வேதியியல் மாணவனுக்கு அதில் என்ன வேதியியல் என்று கல்லூரியும் கேட்பதில்லை. காசு கொடுத்து ஒன்றும் கற்காத ஏற்பாட்டுக்கு ஆள் இருக்கிறது, காசு வாங்கிக்கொண்டு கற்கிற ஏற்பாட்டுக்குச் சொல்ல ஆள் இல்லை. எந்த லெட்ஜரில் எழுதினாலும் இது நஷ்டக் கணக்கு.

"எல்லாரும் விஞ்ஞானி ஆகிட முடியுமா?"

முடியாது. ஆகவும் வேண்டாம். இடங்கள் குறைவு, நூறு பேர் போட்டால் ஒருவருக்குக் கூட கிடைக்காமல் போகலாம். என் வாதம் அதனால் விழாது. தமிழ்நாடு அரசு 2022ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதே வருடம் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டம், 2024ல் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன். முதல் தலைமுறைப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவர இந்த மாநிலம் உழைத்திருக்கிறது. வாசலுக்கு உள்ளே வந்த பிறகு, "நீ பி.எஸ்சி, உனக்கு அவ்வளவுதான்" என்று மூன்று வருடம் உட்கார வைத்து அனுப்பினால் அந்த உழைப்புக்கு என்ன அர்த்தம்? கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது. நம் பிள்ளை ஒருத்தி ஆராய்ச்சி நிலைய வாசலில் ஐ.டி. கார்டோடு நிற்பது எப்போது வரும்?

சும்மா திட்டிவிட்டுப் போகாமல், செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. ஒவ்வொரு அறிவியல் துறை வாசலிலும் செப்டம்பர் முதல் வாரம் தமிழில் ஒரு பக்கம் ஒட்டவும்: என்னென்ன திட்டம், யார் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி. செலவு ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.

இரண்டு. துறைக்கு ஒரு ஆசிரியரைக் கடிதப் பொறுப்பாளராகப் போடவும். கேட்ட ஒரு வாரத்துக்குள் கடிதம் போகவேண்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும்.

மூன்று. பழைய மாணவர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகம் சேர்ந்து ஒரு சுழல் நிதி. ஒரு லட்சம் இருந்தால் பத்துப் பேருக்குத் தலா பத்தாயிரம் முன்பணம். உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்டட்டும். அடுத்த வருடம் அடுத்த பத்துப் பேர். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலித்து பைசா சுத்தமாகக் கணக்கு ஒப்படைக்கும் ஊர் நம் ஊர். இது முடியாதா? கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் பி.காம். பசங்க நாங்க சும்மாதான் இருக்கோம்.

நான்கு. வெளியூர் கிடைக்காதவர்களுக்கு உள்ளூர். எத்தாப்பூர் மாதிரி நிலையங்களுக்குக் கல்லூரி முதல்வர் ஒரு கடிதம் எழுதி, கோடைக்கு நாலு பேரை அனுப்பட்டும். வீட்டிலிருந்தே போய்வரலாம், தங்கும் செலவு மிச்சம்.

ஐந்து, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. கிராமப்புறக் கல்லூரிகளிலிருந்து விண்ணப்பம் வருவதில்லை என்று வருத்தப்படுகிறீர்களா? டிக்கெட் காசை முன்கூட்டியே அனுப்புங்கள். அறிவிப்பைத் தமிழிலும் போடுங்கள். விண்ணப்பம் வரும்.

முதல் வருடம், இரண்டாம் வருடம் படிக்கும் ஜூனியர்களுக்கு: மேலே சொன்ன பெயர்களை இன்றைக்கே செல்போனில் தேடிப் பாருங்கள். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், அதனால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து வாரம் ஒரு தடவை அந்தந்த நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். மலை மேலே சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள் காலேஜ் வந்ததும் பாருங்கள். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மார்க்‌ஷீட்டையும் ஸ்கேன் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்துக்கு அக்டோபரிலேயே சாரைப் பிடியுங்கள், விடாதீர்கள். "அப்புறம் வா" என்றால் அப்புறமும் போங்கள், கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பி.கு.: இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் யாராவது "நாங்க எங்க காலேஜ்ல இதெல்லாம் பண்றோம் தம்பி" என்று சொன்னால் ரொம்ப சந்தோஷம். எந்த மாதத்தில் நோட்டீஸ் ஒட்டினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.